பிளஸ் டூவோடு இசை: டிரினிட்டி கிரேடா, அரசு ஹையரா?

வடசென்னையில் பிளஸ் ஒன் வந்த பிறகும் இசையை விடாத பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். பெரம்பூர், ராயபுரம் சர்ச்சுகளில் கீபோர்டு வாசிப்பவர்கள் லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு தேர்வுக்குப் போகிறார்கள். வாய்ப்பாட்டு, வயலின் கற்பவர்கள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர் (கீழ்நிலை), ஹையர் (மேல்நிலை) எழுதுகிறார்கள்.

டிரினிட்டியில் எட்டு கிரேடு. நோட்டேஷன் (இசைக்குறிப்பு) பார்த்த உடனே வாசிக்கும் பழக்கம்தான் அதில் கிடைக்கும் உண்மையான சொத்து; ஸ்டுடியோவில் அதற்கு மதிப்பு உண்டு. இதே மாதிரி இன்னொரு பிரிட்டிஷ் தேர்வான ஏபிஆர்எஸ்எம்மில் ஐந்தாம் கிரேடு தியரி (இசை இலக்கணத் தேர்வு) முடிக்காமல் ஆறாம் கிரேடு வாசிக்க முடியாது. டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனாலேயே பலர் தியரியைத் தள்ளிப்போடுகிறார்கள், அது தப்பு. ஆறு முதல் எட்டு வரையான கிரேடுகளுக்கு பிரிட்டிஷ் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புள்ளிகள் உண்டு. ஆனால் அங்கே போய்ப் படிக்க ஆகும் செலவை நம் பக்கம் எத்தனை வீடு தாங்கும்? உள்ளூரில் ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைப் பள்ளி இருக்கிறது, அதுவும் மலிவில்லை. இளையராஜாவும் டிரினிட்டி எழுதினாரே என்பார்கள். சரி, ஆனால் அவரை உருவாக்கியதில் அவருடைய குரு தன்ராஜ் மாஸ்டரின் பயிற்சிக்கும், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த காலத்துக்கும்தான் பெரிய பங்கு.

ஹையருக்குப் பளபளப்பு கிடையாது, தேர்வுக் கட்டணம் குறைவு. அதோடு ஆசிரியர் பயிற்சிச் சான்றும் இருந்தால் அரசுப் பள்ளி இசை ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். இடங்கள்தான் அபூர்வம்: 2017 சிறப்பாசிரியர் பணி அறிவிப்பில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை நான்குக்கும் சேர்த்தே 1,325 இடங்கள், அதில் இசைக்கு வந்தது சிறு பங்கு. அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. பிளஸ் டூ முடித்ததும் அரசு இசைக் கல்லூரியில் சேரலாம். அங்கே போக, பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் கிரீன்வேஸ் ரோடில் இறங்கிவிடலாம். பெண்களுக்கு ராணி மேரிக் கல்லூரியில் இசைப் பட்டப்படிப்பு உண்டு. அப்புறம், பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் நடத்தும் கல்லூரியை நம் ஆட்களே கவனிப்பதில்லை.

கானா பாடும் பையனுக்கு இந்த இரண்டிலுமே இடம் கிடையாது, அது தனிக் கதை.

என்னைக் கேட்டால், கையில் கீபோர்டும் வீட்டில் கொஞ்சம் பணமும் இருந்தால் டிரினிட்டி, தியரியோடு. பாடுகிற பிள்ளைக்கும், பணம் இறுக்கமான வீட்டுக்கும் ஹையர். வீட்டில் டியூஷன் எடுத்துச் சம்பாதிக்க இரண்டுமே உதவும்.