இங்கிலாந்தில் முதல் மேட்ச்: டெஸ்டா, டி20-யா, கவுண்டியா?

டிவியில் மட்டுமே கிரிக்கெட் பார்த்துப் பழகியவர் இங்கிலாந்துக்கு வந்து, முதல் தடவையாக மைதானத்துக்குப் போக நினைத்தால், கை தானாக டெஸ்ட் டிக்கெட்டைத்தான் தேடும். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்கால டி20. மூன்றாவதாக ஒன்று இருப்பது பலருக்கு நினைவுக்கே வராது. அதுதான் கவுண்டி சாம்பியன்ஷிப், கவுண்டி எனப்படும் வட்டார அணிகள் மோதும் நான்கு நாள் ஆட்டம். முதல் மேட்சுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

டி20 பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆறரை மணி வாக்கில் தொடங்கி மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், வேலை முடிந்து நேரே போகலாம், சத்தமும் கூட்டமும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் நடக்கும் ஹண்ட்ரட் என்ற போட்டி இன்னும் குறுகியது. ஓர் அணிக்கு 100 பந்துதான். டெஸ்டின் பெருமையும் தெரிந்ததே. ஆனால் லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு நாளுக்கான டிக்கெட் 100 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். அதற்கும் பல மாதம் முன்பே குலுக்கலுக்குப் பெயர் கொடுத்திருக்க வேண்டும். கவுண்டிக்கு 20, 30 பவுண்டோடு அன்று காலை வாசலில் போய் நின்றால் போதும்.

காசை விடுங்கள். எனக்கு முடிவைத் தீர்மானிப்பது இருக்கைதான். டெஸ்டில் டிக்கெட்டில் அச்சிட்ட எண்தான் உங்கள் இடம், பல மைதானங்களில் டி20-யிலும் அப்படித்தான். கவுண்டியில் உறுப்பினர்களுக்கு ஒதுக்கிய பகுதி போக, திறந்திருக்கும் ஸ்டாண்டில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் மாறலாம். முதல் தடவை போகிறவருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எங்கிருந்து என்ன தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது.

டிவி கேமரா பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னால், உயரத்தில், பெரிய லென்ஸோடு இருக்கிறது. அந்த லென்ஸ் தூரத்தைச் சுருக்கிவிடும். கீப்பரும் ஸ்லிப்பும் பேட்ஸ்மேனுக்குப் பக்கத்திலேயே நிற்பதுபோலக் காட்டும். அதையே பக்கவாட்டில், பிட்ச்சுக்கு நேராக உட்கார்ந்து பாருங்கள். வேகப்பந்துக்குக் கீப்பர் எவ்வளவு பின்னால் நிற்கிறார், பந்து குத்தி எழுந்து அவர் மார்புக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, இரண்டையும் அங்கிருந்துதான் உணர முடியும். பந்து எங்கே குத்துகிறது என்பதும் அங்கிருந்துதான் துல்லியமாகத் தெரியும். ஆனால் ஸ்விங், அதாவது பந்து காற்றில் வளைவது, தெரியாது. பந்து வெளியே போனதா உள்ளே வந்ததா என்று பேட்ஸ்மேனின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

ஸ்விங்கும் சுழலும் பார்க்க ஸ்டம்புகளுக்கு நேர்கோட்டில், பேட்ஸ்மேனுக்குப் பந்து தெளிவாகத் தெரிய வைத்திருக்கும் சைட் ஸ்கிரீன் என்ற பெரிய திரைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு வரிசை உயரத்தில் உட்கார வேண்டும். தரைமட்டத்தில் உட்கார்ந்தால் ஸ்கிரீனே மறைக்கும். லார்ட்ஸ் டெஸ்டில் அந்த நேர்கோட்டு இடம் கிடைப்பதே அபூர்வம்: ஒரு முனையில் உறுப்பினர்களின் பெவிலியன், மறுமுனையில் மீடியா சென்டர். கவுண்டியில் காலை 11 மணிக்கு, புது டியூக்ஸ் பந்து (இங்கிலாந்தில் ஆடும் பந்து வகை) வளைந்து வரும் முதல் ஒரு மணி நேரம் முனையில் உட்காருங்கள். பிறகு பக்கவாட்டுக்குப் போங்கள். சுழற்பந்து வந்ததும் மறுபடி முனைக்கு.

ஒரு எச்சரிக்கை. முனைப் பக்கம் ஓவர் நடக்கும்போது எழுந்து நடக்கக் கூடாது. பேட்ஸ்மேன் பந்தை விட்டு ஒதுங்கிவிடுவார், மைதானமே உங்களைத் திரும்பிப் பார்க்கும். படிக்கட்டில் ஊழியர் கையைக் காட்டி நிறுத்தினால் ஓவர் முடியும்வரை அங்கேயே நில்லுங்கள்.

கவுண்டியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். நடுவரின் முடிவை எதிர்த்து ரீப்ளே கேட்கும் டிஆர்எஸ் கிடையாது, பல மைதானங்களில் ரீப்ளே காட்டும் பெரிய திரையும் இருக்காது. போனைக் குனிந்து பார்த்த நேரத்தில் விக்கெட் போனால் போனதுதான். வானொலி வர்ணனையை இணையத்தில் கேட்டால் சில நொடி பின்தங்கி வரும். நடந்து முடிந்த பந்தைத்தான் காதில் கேட்பீர்கள். ஆரவாரத்துக்காகவே போகிறவருக்கு அந்த அமைதி சலிக்கும். அவர் டி20-க்கே போகலாம்.

மழை மூன்றுக்கும் பொது எதிரி. டி20-யில் அணிக்கு ஐந்து ஓவராவது ஆடினால்தான் முடிவு. மாலை மழை மொத்த ஆட்டத்தையும் விழுங்கிவிடும். டெஸ்டில் பணம் திரும்புவது அன்று எத்தனை ஓவர் வீசப்பட்டது என்பதைப் பொறுத்தது. அரைநாள் நனைந்தாலும் ஒன்றும் வராமல் போகலாம். டிக்கெட்டை வேறொருவரிடம் வாங்கியிருந்தால் பணம் முதலில் வாங்கியவர் கணக்குக்குத்தான் போகும். கவுண்டியில் நட்டம் சிறியது.

நாளைத் தேர்வு செய்வதில்தான் பலர் தவறுகிறார்கள். நான்காம் நாள் வேண்டாம். மதியத்துக்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடலாம். முதல் நாளோ இரண்டாம் நாளோ போங்கள். நாளுக்கு 96 ஓவர், டெஸ்டைவிட ஆறு கூடுதல். ஏப்ரலில் குளிர் எலும்பைத் துளைக்கும். ஆகஸ்டின் பெரும்பகுதியை ஹண்ட்ரட் எடுத்துக்கொள்ளும். மே மாதமும் செப்டம்பரும் நல்லது. செப்டம்பரில் ஆட்டம் பத்தரைக்கே தொடங்கும். நம் ஊர்க்காரர்கள் வந்து ஆடுவதும் பெரும்பாலும் சீசனின் பிற்பகுதியில்தான். சாய் சுதர்சன் 2024-ல் சர்ரே கவுண்டி அணிக்காக நாட்டிங்காமின் டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் சதம் அடித்தார். அதே அணிக்காக அஸ்வின் 2021-ல் லண்டன் ஓவலில் சாமர்செட்டுக்கு எதிராக 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அதுவும் இங்கிலாந்துடனான டெஸ்ட் தொடர் தொடங்கும் முன் அவர் ஆடிய ஒரே கவுண்டி ஆட்டம்.

சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம். ஜூனிலும் ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். நிழல் விழும் ஸ்டாண்டில் தேநீர் இடைவேளைக்குப் பிறகு விரல் விறைக்கும். பல மைதானங்களில் மதிய இடைவேளையில் பார்வையாளர்களை உள்ளே, புல்தரையில் நடக்க விடுவார்கள். கயிறு கட்டிய பிட்ச்சின் ஓரம்வரை போய், பந்துவீச்சாளரின் கால் பதிந்து குழியான இடத்தைப் பாருங்கள். மதியத்துக்கு மேல் சுழற்பந்துவீச்சாளர் குறிவைப்பது அந்த இடத்தைத்தான்.