ஆற்றோரக் களியா, செம்மண் மேடா? வன்னியில் காணி பார்ப்பவர்களுக்கு

இலங்கையின் வடக்கே வன்னியில் காணி பார்க்கப் போகிறவர்கள் காணி உறுதி (பத்திரம்) சரியா, ரோட்டுக்கு எவ்வளவு தூரம், கரண்ட் வந்துவிட்டதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். மண்ணுக்கு வரும்போது மட்டும் "நல்ல மண்தானே?" என்ற ஒரு கேள்வியோடு விட்டுவிடுவார்கள். விற்கிறவரும் "தங்கமான மண்" என்பார். நெல்லுக்குத் தங்கமாக இருக்கும் மண் கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) குப்பையாக இருக்கலாம். அதனால், இங்கே அடிக்கடி எதிரெதிரே வந்து நிற்கும் இரண்டு மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில், ஆற்றோரக் களி எங்கிருந்து வந்தது? கனகராயன் ஆறு, பாலியாறு, பேராறு, அருவியாறு எல்லாம் மாரியில் பெருகிக் கோடையில் மணலாகக் கிடப்பவை. பெருக்கெடுத்துக் கரை தாண்டும்போது பாரமான மணலை ஆறு விளிம்பிலேயே போட்டுவிடும். வேகம் அடங்கித் தண்ணீர் தேங்கும் இடம் வரை போய்ப் படிவது 0.002 மில்லிமீற்றரை விடச் சிறிய களித்துகள்தான். காலப்போக்கில் ஆறு தன் படுக்கையை வெட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. பழைய வெள்ளத்தரை மேலே ஒரு தட்டாக நின்றுவிடுகிறது. நான் சொல்லும் களி இந்தத் தட்டில் இருப்பது. விளிம்பில் மணலும் களியும் கலந்து கிடக்கும் இருவாட்டி மண் வேறு சாதி. அது கிடைத்தால் இந்தக் கட்டுரையை வாசிக்கத் தேவையில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கறிக்கும் வாழைக்கும் அதைப் போல ஒன்று வராது. ஆனால் அது ஒடுங்கிய கீலமாகத்தான் இருக்கும், வெள்ளமும் முதலில் அங்கேதான் ஏறும்.

செம்மண்ணை ஆறு கொண்டுவரவில்லை. அடியில் இருக்கும் பழைய கருங்கற்பாறை அங்கேயே உக்கி உண்டானது அது. மேட்டுக்காணிகளில் அரை மீற்றரோ இன்னும் கொஞ்சமோ தோண்டினால் வெள்ளைப் பரல்கற்கள் கலந்த படை பல இடங்களில் தட்டுப்படும்.

இரண்டையும் கையாலேயே பிரித்தறியலாம். ஒரு பிடி மண்ணைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பென்சில் தடிப்பில் உருட்டி, வளையமாக வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் களி. செம்மண் உருளும், வளைக்கப் போனால் உடையும், விரலிடையில் மணல் நறநறக்கும். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழியும் தோண்டுங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் மஞ்சளும் துருவுமாகப் புள்ளிகள் தெரிந்தால், அந்த மண்ணில் வருடத்தில் பல வாரம் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். ஒரே சீராகச் சிவப்பாக இருந்தால் அங்கே காற்றோட்டம் இருக்கிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. களி மணிக்கு 1 முதல் 5 மில்லிமீற்றர் தண்ணீரைத்தான் உள்ளே இறங்கவிடும். மணல் கலந்த மண்ணில் 20, 30 மில்லிமீற்றர் கூட இறங்கும். உள்ளே போனதைப் பிடித்து வைப்பதில் கதை தலைகீழ். ஒரு மீற்றர் ஆழக் களி, பயிர் உறிஞ்சக்கூடிய ஈரமாக 175 முதல் 250 மில்லிமீற்றர் வரை வைத்திருக்கும். மணலில் அது 25 முதல் 100 வரைதான். செம்மண் இடையில் நிற்கும், பரல் கூடக் கூடக் கீழே இறங்கும்.

வயலில் இது எப்படித் தெரியும்? ஒரு ஏக்கரில் 1 மில்லிமீற்றர் தண்ணீர் என்பது ஏறக்குறைய 4,000 லீற்றர். சேறடித்த களி வயலில் நாளொன்றுக்கு ஓரிரண்டு மில்லிமீற்றர்தான் கீழே கசியும். செம்மண்ணை வரம்பு கட்டி வயலாக்கினால் 10 மில்லிமீற்றர் போவது சாதாரணம். அதாவது ஒரு ஏக்கருக்குத் தினமும் 40,000 லீற்றர் தண்ணீர் நெல்லுக்குப் பயன்படாமல் நிலத்துக்குள் போகிறது. இரணைமடுவோ வவுனிக்குளமோ முத்தையன்கட்டோ, சிறுபோகத்துக்கு (கோடைப் போகத்துக்கு) எத்தனை ஏக்கர் என்று பங்கிட்டுத் தண்ணீர் விடும் குளத்தின் கீழ் இது சின்ன விசயமில்லை. செம்மண் மேட்டில் சிறுபோக நெல் செய்வதை நான் வீண்வேலை என்றே சொல்வேன். அதே தண்ணீரில் இரண்டு மூன்று மடங்கு நிலத்தில் வெங்காயமோ மிளகாயோ செய்யலாம்.

களிக்கு இன்னொரு வரவும் உண்டு. காலபோக (மாரிப் போக) நெல்லை மாசியில் அறுத்த கையோடு, மிச்ச ஈரத்தில் பயறு போட்டால் இரண்டு மாதத்துக்குள் காய் பிடுங்கலாம். நிலத்துக்கும் நைதரசன் சேரும். செம்மண்ணில் அந்த மிச்ச ஈரம் அவ்வளவு நாள் நிற்காது.

உழவில் களி ஆளைப் படுத்திவிடும். உழுவதற்கு ஏற்ற ஈரப்பதம், பதம் என்று ஒன்று இருக்கிறதே, களியில் அது சில நாட்களுக்குத்தான். அதற்கு முந்தினால் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) சில்லில் மண் அப்பி அப்பிச் சில்லே தெரியாமல் போகும்; கலப்பை புரட்டிய மண் பளபளவென்று மினுங்கிக்கொண்டு கிடந்து, காய்ந்ததும் சம்மட்டிக்கும் அசையாத கட்டியாகும். பிந்தினால் அலவாங்கு போட்டாலும் துள்ளித் திரும்பும். ஆவணியில் வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடக்கூடிய தரைகளும் உண்டு. புழுதி விதைப்புச் செய்கிறவர்கள் புரட்டாதி மழைக்கு முன்பே உழுது கட்டி உடைத்து வைக்க வேண்டும். மழை பிடித்துவிட்டால் பிறகு சேற்று விதைப்புத்தான். செம்மண்ணும் காய்ந்தால் கல்லாகத்தான் இறுகும். ஆனாலும் ஒரு மழைக்குப் பிறகு அடுத்தடுத்த நாளே இறங்கி வேலை செய்யலாம், அந்த அவகாசம் களியில் கிடைக்காது.

மேட்டுப் பயிரில் போட்டியே இல்லை, செம்மண்தான். கச்சான் பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் பயிர். களியில் விழுது இறங்கவே சிரமம், இறங்கிக் காய்த்தாலும் பிடுங்கும்போது செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். மரவள்ளியும் அப்படித்தான். பப்பாசியை மாரியில் களியில் வைத்தால், இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிச் சாயும். உழுந்து இரண்டிலும் வரும், ஆனால் மாரி உழுந்துக்குத் தண்ணீர் வடியும் மேடுதான் பாதுகாப்பு.

பசளையில் களிக்குக் கை ஓங்கும். பொட்டாசியத்தையும் அமோனியத்தையும் களி பிடித்து வைத்திருக்கும். செம்மண்ணில் யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடாவிட்டால் பெருமழையோடு போய்விடும். சேதனம் (உக்கிய இலைதழைச் சத்து) இரண்டிலும் குறைவு. வைக்கோலைக் கொளுத்தாமல் மண்ணுக்குள் மடக்குங்கள், களியில் கட்டி உடைவதே இலகுவாகும்.

ஆற்றின் கடைப்பகுதியில், கடல்நீரேரிக்குக் கிட்டப் போகப் போக, களியில் உவர் ஏறியிருக்கும். அதில் சோடியம் கூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காய்ந்த ஒரு சிறு கட்டியை மழைத்தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் மெதுவாகப் போட்டுவிட்டு, ஆட்டாமல் விடுங்கள். கட்டி பொடிந்து அடியில் கிடந்தால் அந்தப் பயம் குறைவு. அதைச் சுற்றிப் பால் கலந்தது போல ஒரு கலங்கல் பரவி அடையாமல் நின்றால் சோடியம் கூடிய மண். அந்த மண்ணில் பயிரும் வாடும், அதைக் கொண்டு கட்டிய குளக்கட்டும் வரம்பும் மழையில் கரைந்து ஓட்டை விழும். பணம் கொடுப்பதற்கு முன், விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது.

வீடு கட்டத்தான் காணி என்றால் களிப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். மாரியில் ஊதி, கோடையில் சுருங்கும் தரையில் ஆழமில்லாத அத்திவாரம் போட்டால், யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். வேறு வழியில்லாதவர்கள் வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே அத்திவாரத்தைக் கொண்டுபோய், கொங்கிறீற் பீம் சுற்றிப் போட்டு, கிரவல் கொட்டித் தரையை உயர்த்த வேண்டும். அந்தச் செலவைக் காணி விலையோடு கூட்டிப் பாருங்கள். மலசலகூடக் குழியைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. களியில் அது மாரி முழுக்க ஊறாமல் நிரம்பி நிற்கும், பக்கத்துக் கிணறும் கெடும்.

செங்கல்லுக்கும் குளக்கட்டுக்கும் களிதான். தனிக் களியில் கல் அறுத்தால் காயும்போதே வெடிக்கும் என்பதால் மணலோ உமியோ கலப்பார்கள். ஆனால் கல்லுக்காக மேல்மண்ணைத் தோண்டி விற்ற காணிகளை வாங்காதீர்கள். தட்டு உருவாக எத்தனை தலைமுறை வெள்ளம் வேண்டியிருந்ததோ, அது திரும்பி வரப்போவதில்லை. மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி இதைவிடவும் ஊதும் வகை. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு அங்கிருந்துதான் களி போனது. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நெல்லுக்கு அது அருமையான மண், மேலே சொன்ன கஷ்டமெல்லாம் அதில் இரட்டிப்பு.

என் முடிவு இதுதான்: குளத்து வாய்க்கால் வருகிறதென்றால் களியை எடுங்கள். கிணறும் வாட்டர் பம்பும்தான் என்றால் செம்மண். இரண்டு ஏக்கர் வாங்கும் வசதி இருந்தால், மேட்டில் ஒன்று, தட்டில் ஒன்று என்று சரிவோடு சேர்ந்த ஒரே துண்டைத் தேடுங்கள். வீடும் தோட்டமும் மேலே, வயல் கீழே.

பார்க்கப் போவதை ஆவணியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் வெடிப்பு தெரியும். மார்கழியில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கமாக வடிகிறது என்பது தெரியும். 2018 மார்கழி வெள்ளம் எதுவரை ஏறியது என்று பக்கத்துக் காணிக்காரரிடமும் கேளுங்கள். விற்கிறவரை விட அவர் உண்மையைச் சொல்வார்.