துணை மருந்தா, பேஜ் வைரஸா?

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் மாடிவீட்டு மாமியின் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் 'ஆர்'. அதாவது, அந்த ஆன்டிபயாடிக் கேட்காது. "இனி என்னடா வழி?" என்றார். இரண்டு வழிகளைச் சொன்னேன்.

ஒன்று, பழைய மருந்துக்குத் துணை சேர்ப்பது. பாக்டீரியா பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியை ஏவி மருந்தை உடைக்கிறது. துணை மருந்து அந்த நொதியை முடக்கும். சென்னையில் உருவான என்மெட்டாசோபாக்டம் என்ற துணை மருந்து, செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்து 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் நம் டெல்லியின் பெயரையே சுமக்கும் என்டிஎம் (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) நொதியிடம் அதன் பருப்பு வேகாது. (அந்தப் பெயர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.)

இன்னொன்று பேஜ், பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்வதை 1896-இல் ஆங்கிலேயக் கிருமியியலாளர் ஹான்கின் எழுதினார். காரணம் பேஜாக இருக்கலாம் என்பது பிற்கால ஊகம். இன்றைய யமுனையைப் பார்த்தால் நம்பவே முடியாது! ஜார்ஜியாவின் திபிலீசியில் 1923 முதல் இதற்கென ஒரு நிறுவனமே இயங்குகிறது. பேஜ் ஆள் பார்த்து அடிக்கும், குடலின் நல்ல கிருமிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். சிக்கலும் அதுதான்: ஒவ்வொருவரின் கிருமிக்கும் பொருந்தும் பேஜைத் தேட வேண்டும். பாக்டீரியா அதற்கும் எதிர்ப்பு வளர்க்கும் என்பதால், பலவற்றைக் கலந்து கொடுப்பார்கள்.

அவசரத்துக்கு என் ஓட்டு துணை மருந்துக்கே. திரும்பத் திரும்ப வரும் தொற்றென்றால், பேஜைத் தேடக் காத்திருக்கலாம். மாமி ஒப்பவில்லை. "வைரஸை நாமளே உள்ள விடறதாவது!"