7018 ராடு: அட்டைப்பெட்டியா, வேக்குவம் பாக்கெட்டா?

பைப் ரேக்குக்கோ டேங்குக்கோ 7018 வெல்டிங் ராடு வாங்கப் போனால் கொட்டேஷனில் இரண்டு வகை இருக்கும்: சாதாரண அட்டைப்பெட்டி, காற்றை உறிஞ்சி மூடிய அலுமினியப் பாக்கெட். ராடு ஒன்றுதான், பாக்கெட்டுக்குக் கிலோ விலை கூடுதல். அப்படியும் சைட் வேலைக்கு எங்கள் தேர்வு பாக்கெட்தான்.

அட்டைப்பெட்டி ராடை அப்படியே வெல்டரிடம் கொடுக்க முடியாது. அதன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆர்க் சூட்டில் அந்த ஈரம் ஹைட்ரஜனாகி வெல்டுக்குள் போகும். பீட் (வெல்டின் வரி) அன்றைக்கு அழகாக இருக்கும், விரிசல் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் எஃகுக் கட்டுமான வெல்டிங்குக்கான அமெரிக்க விதிநூல் ஏ.டபிள்யூ.எஸ். டி1.1, இந்த ராடை 260 முதல் 430 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 மணி நேரம் சுடச் சொல்கிறது. குளிர்ந்த ராடை நேராக அந்தச் சூட்டில் வைக்கவும் கூடாது. பாதிச் சூட்டுக்கு மேல் போகாமல் அரை மணி நேரம் வைத்துத்தான் ஏற்றவேண்டும். பிறகு வேலைக்கு எடுக்கும்வரை 120 டிகிரிக்குக் குறையாத ஹோல்டிங் ஓவன். வெளியே எடுத்தால் 4 மணி நேரம்தான். மறுசூடு ஒரே முறை. நனைந்த ராடு கழிவு.

ஒர்க்‌ஷாப்பில் இதெல்லாம் நடக்கும். சைட்டில் இந்தச் சங்கிலி அறுந்துபோவது ஸ்டோருக்கும் வெல்டருக்கும் நடுவே. இரவில் ஜெனரேட்டரை நிறுத்தினால் ஓவன் ஆறிவிடும். காலையில் மீட்டர் மறுபடி 120 காட்டும், நடுவில் நடந்தது யாருக்கும் தெரியாது. உயரத்தில் பிளக் பாயின்ட் இல்லாததால் போர்ட்டபிள் ஓவன் கீழேயே நிற்க, ராடு மட்டும் கட்டாக மேலே போகும். மாலையில் திரும்பி வரும் மிச்சம் புது ராடோடு கலந்துவிட்டால், ஒருமுறை சுட்டது எது, இருமுறை சுட்டது எது என்று பிரிக்க வழியில்லை. அட்டைப்பெட்டிதான் வாங்குவீர்கள் என்றால் திரும்பி வரும் ராடின் பிடி முனையில் பெயின்ட் தொட்டுத் தனித் தட்டில் வையுங்கள். ஓவனுக்குத் தனி மின் இணைப்பும், இரவு ஷிப்டிலும் வெப்பநிலை எழுதும் ரிஜிஸ்டரும் வேண்டும். கிலோ விலையில் மிச்சமானது பெரும்பாலும் இங்கேயே கரைந்துவிடும்.

பாக்கெட்டில் முதல் சூடேற்றலே கிடையாது. ஆனால் பிரித்த நிமிடத்திலிருந்து அதே 4 மணி நேரக் கணக்கு ஓடும், ஈரத்தைத் தாங்கும் பூச்சுள்ள 7018-ஆர் என்றால் 9 மணி நேரம். தயாரிப்பாளர் இன்னும் கூடுதல் நேரம் அச்சிட்டிருந்தாலும் உங்கள் ஒப்பந்தம் டி1.1 என்றால் டி1.1 சொல்வதே கணக்கு. ஆகவே பெரிய பாக்கெட் வேண்டாம். ஒரு வெல்டர் அரை ஷிப்டில் எரிக்கும் அளவு, 2 கிலோ அளவில் கேளுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் பாக்கெட் எடை, எச்4ஆர் குறியீடு (எச்4 என்றால் வெல்டில் ஹைட்ரஜன் குறைவு, ஆர் என்றால் பூச்சு ஈரம் தாங்கும்), ஒவ்வொரு பாக்கெட்டிலும் பேட்ச் எண், அந்தப் பேட்ச்சின் டெஸ்ட் சர்டிஃபிகேட் ஆகிய நான்கையும் எழுதிவிடுங்கள்.

இறக்கும்போது ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். தாள் ராடோடு ஒட்டி, வரிவரியாகத் தெரிந்தால் சரி. தொளதொள என்றிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அது இனி அட்டைப்பெட்டி ராடுதான், ஓவனுக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் பாக்கெட்டைக் கிழிப்பது வெளிப்பெட்டியைப் பிரிக்கும் கத்தி, அடுத்தது பேலட் ஆணி.

இருபது வெல்டர், நிலையான மின்சாரம், ஓவனுக்கென்றே ஓர் ஆள் என்றிருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு அட்டைப்பெட்டியே லாபம். இங்கே சொன்னதெல்லாம் 7018-ஐ வைத்து. இன்னும் வலுவான ராடுகளான 8018-க்கு 2 மணி நேரம், 9018-க்கு 1 மணி நேரம் என்று வரம்பு இறுகும்போது பாக்கெட் வாங்கினாலும் போர்ட்டபிள் ஓவனை விட முடியாது. அங்கே இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லமாட்டோம்.