கமிசோரியா, மடக்குக் கத்தியா, ஃபெதரா: எதில் கை பழகுவது?

ஜப்பானியச் சவரக்கத்திக்கு அந்த நாட்டில் கமிசோரி என்று பெயர். மடங்காது; அலகும் கைப்பிடியும் ஒரே இரும்பு. பிடிக்கும் இடத்தில் பிரம்பு நார் சுற்றியிருப்பார்கள், சிலவற்றில் அதுவும் இருக்காது. வெட்டும் விளிம்பு 5, 6 செ.மீ. நீளம்தான். பௌத்தத்தோடு ஜப்பானுக்கு வந்து துறவிகளின் தலையை மழித்தது. பிறகு சாமுராய்களின் உச்சந்தலையை மழித்தது. 1871-இல் மெய்ஜி அரசு குடுமியை எடுத்துவிடலாம் என்று அறிவித்தபின் முடிவெட்டும் கடைகளில் மேலைநாட்டு மடக்குக் கத்தியும் இடம் பிடித்தது. இதில் கற்றுக்கொள்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கமிசோரி அடுத்தவர் தலையையும் முகத்தையும் மழிப்பதற்கென்று வடிவெடுத்த கத்தி. கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளும்போது வரும் சங்கடங்களில் பாதி அங்கிருந்து வருபவை.

புதிதாகக் கற்க வருபவர் முன் மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, அசல் கமிசோரி. இரண்டு, ஜெர்மனியின் சோலிங்கன் பாணியில் வரும் மடக்குக் கத்தி. மூன்று, ஃபெதர் நிறுவனத்தின் ஆர்ட்டிஸ்ட் கிளப் வரிசையில் உள்ள ஜப்பானிய வடிவக் கத்தி. இது மடங்காது, கமிசோரி போலவே கையில் உட்காரும், ஆனால் பிளேடை மாற்றிக்கொள்ளலாம். வாள் வடித்த ஊரான செக்கியில் பிறந்த நிறுவனம் அது. நம்மூர் சலூனில் பிளேடை இரண்டாக ஒடித்து மாட்டுகிறார்களே, அதை நான்காவதாகச் சேர்க்கலாமா என்றால், வேண்டாம். பழகிய சலூன்காரர் கையில் அது அருமையான கருவி. ஆனால் அந்த அரை பிளேடு 0.1 மி.மீ. தடிமன்தான், வளைந்து கொடுக்கும், இரண்டு முனைகளும் கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். புதியவரின் மோவாயில் முதல் ரத்தம் அந்த முனையால்தான் வரும். ஆர்ட்டிஸ்ட் கிளப்பின் பிளேடு அதைவிடத் தடிமன், பிளேடைப் பிடிக்கும் தலையும் உருண்டையாக இருப்பதால் தோலில் வழுக்கிச் செல்லும்.

கையில் எடுத்தவுடன் தெரியும் வித்தியாசம்

மடக்குக் கத்தியில் அலகை விரித்தால், அது மடங்கி உள்ளே போகும் கைப்பிடி, அதாவது உறை, மேல்நோக்கி நிற்கும். வால் முனையில் சுண்டுவிரல், கழுத்தில் மூன்று விரல், கீழே கட்டைவிரல். கத்தி நிலையாக நிற்கும், ஆனால் காதோரம் கொண்டுபோனால் உறை கண்ணாடியை மறைக்கும், தோளில் இடிக்கும். கமிசோரியில் அந்தத் தொல்லை கிடையாது. பென்சிலைப் போலப் பிடித்து விரல்களுக்கிடையில் உருட்டலாம். மூக்குக்குக் கீழே, உதட்டு ஓரத்தில், மோவாய்க் குழியில் அந்தக் குட்டை அலகு போகும் லாகவம் 7 செ.மீ. மடக்குக் கத்திக்கு வராது.

ஆனால் கமிசோரியின் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் அகலமாகக் குழிந்திருக்கும், மறுபக்கம் அவ்வளவு குழியாது. முடிவெட்டுபவர் ஒரே பக்கம் தோலில் படும்படி, வாடிக்கையாளரைச் சுற்றி நகர்ந்து வேலையை முடித்துவிடுவார். நாம் நம் முகத்தைச் சுற்றி நடக்க முடியாதே! வலக்கைக்காரர் வலது கன்னத்தை எளிதாக முடித்துவிடுவார். இடது கன்னத்துக்கு வரும்போது, ஒன்று மூக்கைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும், அல்லது கத்தியைத் திருப்பி மறுபக்கத்தைத் தோலில் வைக்க வேண்டும். திருப்பி வைப்பது தவறில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் சாய்வு கொஞ்சம் மாறும், அதைக் கை தனியாகக் கற்க வேண்டும். மடக்குக் கத்தியிலும் ஃபெதரிலும் இரு பக்கமும் சமம், இந்தக் கணக்கு வேண்டியதில்லை.

சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. உட்குழிவு மிகுந்த மெல்லிய சோலிங்கன் அலகு முடியை வெட்டும்போது மெலிதாக ஒலிக்கும். சாய்வு கெட்டால் அந்த ஒலி மாறும், கவனித்துக் கேட்டால் அதுவே வாத்தியார். கமிசோரியின் முதுகு தடித்தது, சத்தம் அடங்கி வரும். ஃபெதர் ஏறக்குறைய ஊமை. தவறு செய்தால் சொல்லாமல் வெட்டிவிடும். இது அதன் பெரிய குறை.

தீட்டுவதில்தான் வழி பிரிகிறது

கமிசோரி பொதுவாக மென்மையான இரும்போடு கடினமான எஃகைச் சேர்த்து அடித்தது. இரும்பு சீக்கிரம் தேய்ந்துகொடுப்பதால் கல்லில் தீட்டுவது எளிது. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிய வைத்துத் தள்ளினால் கோணம் தானாக அமையும்; மடக்குக் கத்திக்கும் அதே விதிதான். ஆனால் மடக்குக் கத்தியை இரு பக்கமும் சம எண்ணிக்கையில் தீட்டுகிறோம். கமிசோரியில் ஒரு பக்கம் 10 தடவை, மறுபக்கம் 1 தடவை என்று தொடங்கி, மெருகுக் கல்லில் வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டே வருவது வழக்கம். ஆரம்பம் முதல் சமமாகத் தீட்டினால் நாலைந்து முறையில் ஒன்றும் தெரியாது. வருடங்கள் போனால் அந்தச் சமமின்மையே அழிந்து, கத்தி கமிசோரியாக இருக்காது.

1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நயமாகும்) விளிம்பை அமைப்பது புதியவர் வேலையே அல்ல. சவரத்துக்குத் தயாராகத் தீட்டிய கத்தியை வாங்கி, கூர் மங்கும்போது 12000 கல்லில் லேசாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிகாட்டா மாநிலத்து சான்ஜோ ஊரில் இவாசாக்கி ஷிகெயோஷி போன்ற கொல்லர்கள் வாளுக்குரிய தமஹகானே எஃகில் வடித்த கமிசோரிகளைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. பழக்கமில்லாத கையால் அவற்றைக் கல்லில் தேய்ப்பது பாவம்.

ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோல்வாரில் 30 முதல் 50 தடவை, முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். விளிம்பின் மேல் புரட்டினால் வாரும் வெட்டுப்படும், கூரும் போய்விடும். தொங்கும் வார் தொய்ந்தால் கூர் உருண்டுவிடும் என்பதால், கமிசோரிக்குப் பலகையில் ஒட்டிய தோலே நல்லது.

இங்கேதான் ஃபெதர் ஜெயிக்கிறது. கத்தி இழுக்கிறது, கன்னம் எரிகிறது என்றால் காரணம் கையா, கூரா? அசல் கத்தியில் புதியவருக்கு அது தெரியவே தெரியாது. வாரில் கெடுத்தோமா, சாய்வில் கெடுத்தோமா, நுரை காய்ந்ததா என்று குழம்பி, மூன்றாவது வாரம் கத்தியைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். புதிய பிளேடு போட்ட ஃபெதரில் கூர் மீது சந்தேகமே கிடையாது. மிச்சமிருக்கும் தப்பெல்லாம் நம் கையுடையது. விளிம்பில் காப்பு வைத்த ப்ரோகார்டு பிளேடில் 20, 30 சவரம், பிறகு காப்பில்லாத பிளேடு, அதன்பின் கமிசோரி என்று போனால் கை பழகிய பிறகே கூர் பற்றிய கவலை வரும். ஐந்தாறு சவரத்துக்கு ஒருமுறை பிளேடை மாற்றிவிடுங்கள். சிக்கனம் பார்த்து மழுங்கியதை இழுத்தால் இந்தக் கத்தியை எடுத்ததே வீண். மடக்குக் கத்தியிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கப் போகிறவர் மட்டும் அதிலேயே தொடங்கலாம். கமிசோரிக்குப் படிக்கல்லாக அது தேவையில்லை.

எந்தக் கத்தியானாலும் குளித்து முடித்து முடி ஊறிய பிறகுதான் சவரம். நுரை தயிர் போலக் கெட்டியாக நிற்காமல், சற்று நீர்த்துப் பளபளக்க வேண்டும். இடது கையால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கிருதாவுக்குக் கீழிருந்து இரண்டு, மூன்று செ.மீ. அளவில் குறுகிய இழுப்புகள். மடக்குக் கத்திக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வு. கமிசோரியை 20 டிகிரிக்குப் பக்கமாக, இன்னும் படுக்க வைக்கலாம். எடை கத்தியுடையதாக இருக்கட்டும், கை அழுத்தக் கூடாது. விளிம்பின் நீளவாக்கில், கத்திரிக்காய் அரிவதுபோல் ஒரு மி.மீ. நகர்ந்தாலும் வெட்டுதான். முதல் வாரம் கன்னங்கள் மட்டும், மிச்சத்தைப் பழைய ரேசரில் முடியுங்கள். அடுத்து தாடைக்குக் கீழே. மோவாயும் மேலுதடும் கடைசி. வளைவில் கத்தி தானாக நிமிரும், அங்கேதான் தவறும். முடி வளரும் திசைக்கு எதிராக மழிக்கும் எதிர்ச்சவரத்தை இரண்டு மாதத்துக்கு மறந்துவிடலாம். முடிந்ததும் ஈரப் படிகாரம் தடவினால் எங்கே சுள்ளென்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள்.

கமிசோரியும், கார்பன் எஃகில் செய்த மடக்குக் கத்தியும் ஒரே இரவில் துருப்பிடிக்கும், கடலோர ஊரென்றால் கேட்கவே வேண்டாம். துடைத்து, ஜப்பானியர் தடவும் கமேலியா எண்ணெயோ, அது கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெயோ ஒரு துளி தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். பிரம்பு நார் நனைந்தால் உள்ளே ஈரம் தங்கும் என்பதால் கைப்பிடியைக் குழாயடியில் காட்டாதீர்கள்.

பழைய கமிசோரி வாங்கப் போனால், முதுகில் துரு இருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். விளிம்பை ஒட்டிய கரும்புள்ளிகளைப் பாருங்கள், தீட்டும்போது அங்கே எஃகு பொடிப்பொடியாக உதிரும். பிறகு வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து விளிம்பை ஒரு நேர்கோட்டோடு ஒப்பிடுங்கள். நடுவில் உள்வாங்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.