தையல் மிஷினுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று: ஐந்து வருடக் கண்ணாடி அனுபவம்

44 வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. ஊசியில் நூல் கோக்க கையை நீட்டி நீட்டிப் பிடிப்பேன். தூரத்துக்கும் சின்னதாக ஒரு பவர் இருந்ததால், கண்ணாடிக் கடையில் தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் புரோகிரசிவ் லென்ஸ் போடச் சொன்னார்கள். 7,500 ரூபாய்.

வண்டி ஓட்ட, போன் பார்க்க, எதிரில் நிற்பவர் முகம் பார்க்க, எல்லாமே நன்றாக இருந்தது. கட்டிங் டேபிளில்தான் சிக்கல். அறுபது இன்ச் பன்னா (அகலம்) துணியை விரித்து, ஸ்கேல் வைத்து சாக்பீஸால் கோடு போட்டால், கோட்டின் இரண்டு நுனியும் வளைந்து தெரியும். ஸ்கேலை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்ப்பேன், அப்போதும் வளைவுதான். கையில் கத்தரியோடு தயங்கி நிற்பது தையல்காரிக்கு எவ்வளவு வேதனை தெரியுமா?

ஆறு மாதம் கழித்து வேறு இடத்தில் காட்டினேன். புரோகிரசிவில் மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை, நடுவில் பவர் படிப்படியாக ஏறும் ஒடுக்கமான பாதை. அந்தப் பாதையின் இருபுறமும் பிம்பம் கலங்கத்தான் செய்யும். விலை கூடிய டிசைனில் குறையும், அடியோடு போகாது. இது போதாதென்று, முதல் கடையில் ஃபிரேமை என் முகத்தில் மாட்டி, கருவிழிக்கு நேராக மார்க்கரில் புள்ளி வைக்கவே இல்லை. அதனால்தான் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்திருக்கிறது.

"வேலை செய்யும்போது எது எவ்வளவு தூரத்தில் இருக்கும்?" என்று அங்கே கேட்டார்கள். அதுவரை யாரும் கேட்டதில்லை. என் தையல் கடைக்கு வந்து டேப்பால் அளந்து, ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டிலேயே குறித்தேன்: மிஷின் ஊசி 14 இன்ச், கட்டிங் டேபிள் 26 இன்ச். அதற்கேற்ப 'ஆபீஸ் லென்ஸ்' செய்து தந்தார்கள். தூரப் பார்வையை விட்டுக்கொடுத்து, கைக்கெட்டும் தூரத்தை அகலமாகக் காட்டும் லென்ஸ். கோடு நேராகிவிட்டது. ஆனால் இதோடு வண்டி ஓட்டக் கூடாது. தெருவில் இறங்கினால் எல்லாம் மங்கல். வெளியே போக, சரியாக அளவெடுத்த புரோகிரசிவ் தனியாக வைத்திருக்கிறேன்.

அதில் வெயிலுக்குக் கறுக்கும் லென்ஸ் கேட்டு வாங்கியது வீண். ஹெல்மெட் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால், வண்டியில் போகும்போது அது சரியாகக் கறுப்பதில்லை. நீல ஒளியை வடிகட்டும் 'ப்ளூ கட்' லென்ஸுக்கும் கூடுதல் பணம் தராதீர்கள். கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பும் சொன்னது.

தையல் கடையில் போடும் கண்ணாடிக்கு நான் வற்புறுத்தி வாங்கியது பாலிகார்பனேட், அதாவது எளிதில் உடையாத பிளாஸ்டிக் லென்ஸ். கீறல் சீக்கிரம் விழும். துணித் தூசி ஒட்டியிருப்பதால் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் துடைக்க வேண்டும், முந்தானையால் கூடாது. ஆனாலும் அதுதான் வேண்டும். போன ஆடியில் ஜீன்ஸ் பேண்டின் அடி மடிக்கும்போது ஊசி உடைந்து வலது லென்ஸில் தெறித்தது. கடுகளவு தழும்பு விழுந்ததே தவிர, லென்ஸ் விரிசல் விடவில்லை. அதே கண்ணாடியைத்தான் இன்றும் போட்டிருக்கிறேன்.