பட்டறை பெஞ்சுக்கு டிராயர்: சேனலா, மரப்பட்டியா?

பட்டறை பெஞ்சுக்கு அடியில் டிராயர் போட நினைக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு டெலஸ்கோபிக் சேனல், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் இரும்பு ஓட்டத் தகடு, தேவையே இல்லை. ஹார்டுவேர் கடைக்காரர் அதைத்தான் எடுத்து வைப்பார், ஆசாரியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார், வீட்டு மாடுலர் கிச்சனில் அது அருமையாக ஓடுவதைப் பார்த்த நமக்கும் அதுவே தோன்றும். என் பட்டறையில் இப்போது மூன்று விதமும் ஓடுகின்றன: டெலஸ்கோபிக் சேனல், பழைய ரோலர் சேனல், இரண்டு பிளைவுட் பட்டிகளுக்கு நடுவே சறுக்கும் டிராயர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்திப் பார்த்தபின் சொல்லும் கருத்து இது.

என் வேலை கோவை கணபதிப் பக்கம் மோட்டார் வைண்டிங், பம்ப்செட் ரிப்பேர். பெஞ்சு ஆங்கிள் இரும்பில் வெல்டு செய்தது, மேலே கனமான மரப்பலகை, ஓரத்தில் சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸ். டிராயரில் போவது துணிமணியோ பேப்பரோ இல்லை. பேரிங், பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லர், ஸ்பேனர், இன்சுலேஷன் பேப்பர், ஸ்லீவ், மிச்ச செம்புக் கம்பி, அப்புறம் எதற்கு என்றே தெரியாமல் சேர்த்து வைத்த நட்டு போல்ட்டு. ஒரு 6205 பேரிங் சுமார் 130 கிராம் வரும், நூறு பேரிங் போட்டால் 13 கிலோ ஆகிவிடும். இப்படிப்பட்ட இடத்துக்கு என்ன ஒத்துவரும் என்பதுதான் கேள்வி. வீட்டு டிராயருக்கு இதில் பாதி பொருந்தாது.

டெலஸ்கோபிக் சேனலை முதலில் எடுத்துக்கொள்வோம், அதைக் குறை சொல்வதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று தகடு, நடுவில் வரிசையாகச் சின்னச் சின்ன எஃகு குண்டுகள். டிராயர் முழுசாக வெளியே வரும், கடைசி மூலையில் கிடக்கும் வாஷர்கூட கண்ணில் படும். நல்ல பிராண்டில் ஒரு ஜோடி 45 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள், அந்த அளவுக்குத் தாங்கவும் செய்கிறது. பக்கத்திலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் நாக்கை ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே அழுத்தினால் டிராயரைத் தனியாகக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். 10 அங்குலத்திலிருந்து 24 வரை இரண்டிரண்டு அங்குலமாகக் கிடைக்கிறது, பெஞ்சுக்கு 18 அல்லது 20 போதும்.

ஆனால் அது கேட்கும் துல்லியம் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு பக்கமும் 4 நூல், அதாவது அரை அங்குலம் இடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து டிராயர் பெட்டி, பெஞ்சில் அது நுழையும் திறப்பின் அகலத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். நான் 26 மில்லிமீட்டர் விடுகிறேன், ஏனென்றால் பெட்டி ஒரு மில்லிமீட்டர் ஒல்லியாகப் போனால் சேனலுக்குப் பின்னால் சன்மைக்கா துண்டு வைத்துச் சமாளித்துவிடலாம், ஒரு மில்லிமீட்டர் குண்டாகப் போனால் இழைத்துத்தான் ஆக வேண்டும். திறப்பு முன்னால் 457, பின்னால் 460 என்று இருந்தாலே சேனல் முரண்டு பிடிக்கும். ஆங்கிள் இரும்பில் வெல்டு செய்த பெஞ்சில் கால்கள் நேராக நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வெல்டு ஆறும்போது இழுத்துக்கொண்டுதான் போகும். தவிர, ஆங்கிள் காலில் சேனலைத் திருக சமதளம் கிடைக்காது, உள்ளே பிளைவுட் அடித்துத்தான் ஆக வேண்டும். அந்த பிளைவுட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூசி. சேனலுக்குள் கிரீஸ் தடவித்தான் வருகிறது. பக்கத்தில் கிரைண்டர் ஓடும் இடத்தில் அந்த கிரீஸ், இரும்புத் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொறியாக மாறிவிடுகிறது. என்னுடையதில் கிரைண்டருக்கு நேர் கீழே இருந்த ஜோடி கொஞ்ச காலத்திலேயே கரகரவென்று ஓட ஆரம்பித்தது. அது பெயரில்லாத மலிவுச் சரக்கு, தகடு மெல்லிசு, ஆகவே முழுப் பழியையும் தூசி மேல் போட முடியாது. பிராண்டு சேனல் அதே பட்டறையில் மறுகோடியில் இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. கரகரப்பு வந்தால் மேலே மேலே எண்ணெய் விடாதீர்கள், அது இன்னும் தூளைக் கூப்பிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து எடுத்துவிட்டு, மிக லேசாக கிரீஸ் வைத்தால் போதும். தூத்துக்குடி, சென்னை மாதிரி கடலோர ஊரில் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் துருத் தொல்லையும் உண்டு. சாதாரண சேனலில் இருப்பது மெல்லிய துத்தநாகப் பூச்சுதான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேனலும் கிடைக்கிறது, விலை எக்கச்சக்கம்.

ரோலர் சேனலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை பவுடர் கோட்டிங் அடித்த தகடு, ஓரத்தில் ஒரு நைலான் சக்கரம். டிராயர் முக்கால்வாசிதான் வெளியே வரும். இதற்கும் பக்கத்துக்கு 12.5 மில்லிமீட்டர் விட வேண்டும். டெலஸ்கோபிக்கைவிட மலிவு, தூசியையும் அவ்வளவு கண்டுகொள்ளாது. பேப்பர், ஸ்லீவ், இன்சுலேஷன் டேப் மாதிரி லேசான சாமான்களுக்குச் சரி. கனம் ஏற்றினால் சக்கரம் நசுங்கி டக்டக் என்று குதிக்கிறது. அவ்வளவுதான்.

இப்போது பட்டிக்கு வருகிறேன். யோசனை மிக எளிது. டிராயரின் அடிப்பலகையைப் பெட்டியைவிட இரண்டு பக்கமும் பத்து மில்லிமீட்டர் அகலமாக வெட்டுங்கள். அது ஓரங்களில் உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பெஞ்சின் பக்கப்பலகையில் (ஆங்கிள் காலுக்கு உள்ளே அடித்த பிளைவுட்) 12 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டிகள் இரண்டை, மேலே ஒன்று கீழே ஒன்றாக, நடுவில் சந்து விட்டு ஃபெவிகால் தடவி ஸ்க்ரூ அடியுங்கள். அடிப்பலகையின் நீட்டம் அந்தச் சந்துக்குள் ஓடும். ரூட்டர் மெஷின் வேண்டாம், பலகையில் காடி (பள்ளம்) எடுக்க வேண்டாம். சந்தின் அளவுக்கு டேப் பிடித்து அளக்கவும் வேண்டாம்: அடிப்பலகைக்கு வாங்கிய பிளையிலேயே ஒரு துண்டையும், அதன்மேல் இரண்டு விசிட்டிங் கார்டையும் வைத்து, அதை ஒட்டி மேல்பட்டியை அடித்தால் சரியான இடைவெளி தானாக வந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பாரம் போகும் வழி. சேனல் டிராயரில் கனம் முழுக்க அடிப்பலகையிலிருந்து டிராயரின் பக்கப்பலகைக்கு ஏறி, அங்கிருந்து நாலைந்து அரை அங்குல ஸ்க்ரூவில் தொங்குகிறது. நம் ஊரில் அடிப்பலகையைக் கீழிருந்து ஆணி அடித்து விடுவதுதான் வழக்கம், கனம் ஏறினால் அந்த ஆணிதான் முதலில் பிடுங்கிக்கொண்டு வரும். பட்டி டிராயரில் சாமானின் கனம் அடிப்பலகைக்கு, அடிப்பலகையிலிருந்து நேரே பட்டிக்கு. டிராயர் பக்கப்பலகையின் வேலை சாமான் சிதறாமல் வேலி போடுவது மட்டும்தான். ஆகவே மூலைகளில் ஆசாரி வேலைப்பாடு எதுவும் வேண்டாம், நேராக வெட்டி, முட்ட வைத்து, ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் போட்டால் தாராளம். பிளைவுட்டின் வெட்டு முனையில் ஸ்க்ரூ அடிக்கும்போது மட்டும் முன்கூட்டியே துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுக்கு பிளந்துகொள்ளும். ஒட்டியதை மறுநாள்தான் பெஞ்சில் ஏற்ற வேண்டும்.

லேசான சாமானுக்கு அடிப்பலகை 6 மில்லிமீட்டர் போதும், பேரிங்கும் புல்லரும் வைக்கும் டிராயருக்கு 9 போடுங்கள். ஒன்றரை அடி அகலத்துக்கு 6 மில்லிமீட்டர் பிளை நாளாவட்டத்தில் நடுவில் தொய்யும், தொய்ந்தால் ஓரம் சந்துக்குள் சாய்ந்து இறுகும். முன், பின் பலகைகளை அடிப்பலகையோடு நன்றாக ஒட்டிவிட்டால் தொய்வு குறையும்.

சறுக்குவதற்கு மெழுகுவர்த்தி. பட்டியின் மேலும், அடிப்பலகை ஓரத்திலும் அழுத்தித் தேய்த்துவிட்டால் ஆச்சரியமாக வழுக்குகிறது. எண்ணெய், கிரீஸ் பக்கமே போகாதீர்கள், மரம் குடித்துவிட்டுப் பிசுபிசுக்கும். ஐப்பசி மழையில் இறுகாதா என்று கேட்பார்கள். முழு மரத்தில் செய்தால் இறுகும், மரம் ஈரம் குடித்தால் அகலவாக்கில்தான் உப்பும். பிளைவுட்டில் ஒரு அடுக்கு நெடுக்கு, அடுத்த அடுக்கு குறுக்கு என்று ஒட்டியிருப்பதால் அந்த உப்பல் மிகக் குறைவு, அந்த இரண்டு விசிட்டிங் கார்டு இடைவெளியே போதும்.

குறைகளும் உண்டு, மறைக்கப் போவதில்லை. முழுசாக இழுத்தால் கையோடு வந்து காலில் விழும், அதனால் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் தடுக்கும்படி பின்பலகையில் ஒரு திருகும் கட்டையை வைக்க வேண்டும். கனம் ஏற்றினால் இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொள்ளும், அகலம் அதிகமாகவும் ஆழம் குறைவாகவும் உள்ள டிராயருக்கு இது பெரிய தொல்லை. ஆகவே அகலத்தை ஆழத்துக்கு மேல் போகவிடாதீர்கள், கைப்பிடியை நடுவில் ஒன்றே ஒன்று வையுங்கள். இன்னொரு பக்கம் பார்த்தால் இந்த இறுக்கமே ஒருவகையில் வசதி: பெஞ்சில் சுத்தியல் விழும்போது சேனல் டிராயர் மெல்ல மெல்லத் தானாகத் திறந்துகொண்டு முட்டியைப் பதம் பார்க்கும், பட்டி டிராயர் வைத்த இடத்தில் இருக்கும்.

செலவுக்கு வருவோம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஐந்து அங்குல உயரத்தில் நாலு டிராயர், இரண்டிரண்டாக அடுக்கியது என்றால் 12 மில்லிமீட்டர் பிளை 8க்கு 4 ஷீட்டில் முக்கால்வாசிக்குள் முடிந்துவிடும், அடிப்பலகைக்கு ஒன்பது சதுர அடி தனி. முழு ஷீட் வாங்காமல் கடையில் மிஞ்சிய துண்டுகளைக் கேளுங்கள், டிராயருக்குப் பெரிய துண்டு தேவையே இல்லை. எனக்கு பிளை, ஃபெவிகால், ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு சொச்சம் ஆனது. இதற்கே நாலு ஜோடி சுமாரான சேனல் போட்டிருந்தால் மொத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். பிளை வாங்கும்போது ஐ.எஸ். 303 (இந்தியத் தர எண்) முத்திரை போட்ட சாதாரண ரகம் போதும், ஐ.எஸ். 710 மரைன் பிளை தண்ணீர் படும் இடத்துக்கானது, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். 12 என்று விற்கும் பிளை பல கடைகளில் அளந்தால் கொஞ்சம் குறைவாகவே வரும், கையில் தடிமன் அளக்க ஒரு வெர்னியர் எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வெட்டும் வேலையைக் கடையிலேயே பேனல் ஸாவில் (பலகை அறுக்கும் மெஷின்) முடித்துக்கொள்வது நல்லது, சின்னக் கூலிக்கு நேரான வெட்டு கிடைக்கும். ஆனால் பட்டியலைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கடையில் பிளேடு தின்னும் 3 மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்தடுத்து வெட்டித் தள்ளிவிட்டார்கள், கடைசிப் பலகைகள் எல்லாம் குட்டை. கேட்டால் சேனல் இழுத்துக்கொள்ளும் என்று பதில். இழுத்துக்கொள்ளாது. அந்தக் கடைக்கு இப்போது போவதில்லை. ஒரே அளவுள்ள பலகைகளை எல்லாம் மெஷினின் ஃபென்ஸை (அளவு வைக்கும் தடுப்பு) நகர்த்தாமல் ஒரே அமைப்பில் வெட்டச் சொல்லுங்கள், ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் எல்லாமே ஒன்றுபோல் இருந்தால் பெட்டி மூலைமட்டத்துக்கு வரும்.

செய்யவே நேரமில்லை என்பவர்கள் உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் ஆபீஸ் ஸ்டீல் மேசை டிராயர் கிடைக்கிறதா என்று பாருங்கள், அது ஓடும் தகட்டோடு சேர்த்து வெட்டி எடுத்து ஆங்கிளில் வெல்டு செய்துவிடலாம், கனத்துக்கு அசையாது. காய்கறி ஏற்றும் 600க்கு 400 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கிரேட்டின் விளிம்பை இரண்டு ஆங்கிளில் தொங்கவிட்டு டிராயராக்குபவர்களும் இருக்கிறார்கள். அழகு பார்க்காதவர்களுக்கு அது மோசமில்லை, ஆனால் சின்ன வாஷரெல்லாம் ஓட்டை வழியாகத் தரைக்குப் போகும்.

யாருக்கு எது என்று கேட்டால், ஆழமான பெரிய டிராயர் ஒன்று, டிரில் மெஷினும் கிரைண்டரும் வைக்க, அதற்கு மட்டும் பிராண்டு டெலஸ்கோபிக் சேனல் போடுங்கள், எப்கோ, ஹெட்டிச் போன்றவை எல்லா ஊரிலும் கிடைக்கும். மற்றதெல்லாம் பட்டி. பெட்டியைத் திறப்பைவிட 26 மில்லிமீட்டர் குறைவாகச் செய்துவிட்டால் 12 மில்லிமீட்டர் பட்டிகளுக்கும் அதே அகலம் ஒத்துப்போகும், பிற்பாடு மனசு மாறினால் பட்டியைக் கழற்றி, அடிப்பலகையின் நீட்டத்தை அறுத்துவிட்டு அதே பெட்டிக்குச் சேனல் மாட்டிக்கொள்ளலாம். அப்படி மாற்றும் எண்ணம் இருந்தால் பட்டிக்கு ஃபெவிகால் தடவாமல் ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் நெருக்கமாக அடியுங்கள்.